டயர் தேயவில்லை, வயதாகிவிட்டது

கார் வாங்கும்போது ஒரு நடுத்தரக் குடும்பம் செய்யாத ஆராய்ச்சி கிடையாது. மைலேஜ் எவ்வளவு, டிக்கியில் எத்தனை பெட்டி வைக்கலாம், பாட்டியால் ஏறி இறங்க முடியுமா, ஐந்து வருஷம் கழித்து விற்றால் என்ன விலை போகும், வெள்ளையா சாம்பலா என்று மூன்று மாதம் வீட்டில் இதே பேச்சாக இருக்கும். அதே காருக்கு டயர் மாற்றும் நாள் வரும்போது நடக்கும் ஆராய்ச்சிக்குப் பத்து நிமிஷம்கூட ஆவதில்லை.

"நாலும் மாத்தினா எவ்வளவுப்பா ஆகும்?"

"இருபதாயிரம் கிட்ட வரும் சார். இப்போதைக்கு முன்னாடி ரெண்டு மட்டும் புதுசு போட்டுக்கங்க. பின்னாடி பட்டன் நல்லாத்தான் இருக்கு, இன்னும் ரெண்டு வருஷம் ஓடும்."

"சரி, போட்டுடு."

தமிழ்நாட்டில் எந்த ஊர் டயர் கடையில் நின்றாலும் காதில் விழக்கூடிய பேச்சு இது. கடைக்காரர் கெட்டவர் இல்லை. வாடிக்கையாளரின் பர்ஸைப் பார்த்து நியாயமாகத்தான் பேசுகிறார். ஆனால் இந்த மூன்று வரிக்குள் மூன்று தவறு இருக்கிறது. டயரின் வயதை யாரும் கேட்கவில்லை. விலையை மொத்தமாகப் பார்த்தார்களே தவிர, வருஷக் கணக்கில் பார்க்கவில்லை. புது டயர் போக வேண்டிய இடம் பின்பக்கம், போனதோ முன்பக்கம்.

இந்தக் கட்டுரையின் கட்சி ஒன்றுதான். குறைவாக ஓடும் குடும்பக் காரின் டயரைக் கிலோமீட்டர் கொல்வதில்லை, காலண்டர்தான் கொல்கிறது. ஆகவே அதைக் காலண்டரைப் பார்த்துத்தான் மாற்ற வேண்டும். அதற்கான பணத்தையும் காலண்டரைப் பார்த்தே சேர்க்க வேண்டும்.

உள்ளங்கை அளவு ரப்பர்

ஒரு டன் எடையுள்ள கார் தரையைத் தொடும் இடம் எவ்வளவு தெரியுமா? ஒரு சக்கரத்துக்கு ஏறக்குறைய ஓர் உள்ளங்கை அளவு. நான்கு உள்ளங்கை ரப்பரை நம்பித்தான் மொத்தக் குடும்பமும் உட்கார்ந்திருக்கிறது.

பிரேக் காரை நிறுத்துகிறது என்று எல்லோரும் நினைக்கிறார்கள். பிரேக் நிறுத்துவது சக்கரத்தை மட்டும்தான். காரை நிறுத்துவது டயருக்கும் தரைக்கும் உள்ள பிடி. இந்தியாவில் 2019 ஏப்ரல் முதல் புதிய கார்கள் எல்லாவற்றிலும் ஏ.பி.எஸ். கட்டாயம். நல்ல விஷயம். ஆனால் ஏ.பி.எஸ். செய்வது, சக்கரம் இறுகி வழுக்காமல் பார்த்துக்கொள்வது. இல்லாத பிடியை அது உண்டாக்காது. மரக்கட்டை போல் இறுகிப்போன டயருக்கு மேலே எத்தனை எலக்ட்ரானிக்ஸ் இருந்தும் என்ன பயன்?

மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் போகும் கார் ஒரு வினாடியில் 22 மீட்டர் கடக்கிறது. தொப்பூர் கணவாய் இறக்கத்தில், ஐப்பசி மழையில், முன்னால் போகும் லாரி சட்டென்று நின்றால், அந்தக் குடும்பத்தின் கையில் இருப்பது அந்த நான்கு உள்ளங்கைகள் மட்டுமே.

பட்டன் இருக்கிறது, பிடி இருக்கிறதா?

டயர் மாற்ற வேண்டுமா என்று பார்க்க எல்லோரும் செய்வது, குனிந்து பட்டனைப் பார்ப்பது. புதிய கார் டயரில் பள்ளத்தின் ஆழம் சுமார் 8 மி.மீ. இருக்கும். இந்தியச் சட்டப்படி அது 1.6 மில்லிமீட்டருக்குக் கீழே போகக்கூடாது. இதைக் காட்டுவதற்கென்றே பள்ளத்துக்குள் குறுக்கே சின்ன ரப்பர் மேடு வைத்திருப்பார்கள். பட்டன் தேய்ந்து அந்த மேட்டுக்குச் சமமாக வந்துவிட்டால் டயரின் கதை முடிந்தது. உண்மையில் அதற்கு முன்பே, 3 மில்லிமீட்டரிலேயே மாற்றிவிடுவது நல்லது. பள்ளங்கள் இருப்பதே மழைத்தண்ணீரை வாரி வெளியே தள்ளத்தான். ஆழம் குறையக் குறையத் தண்ணீர் டயருக்கு அடியிலேயே தங்கி, கார் தரையை விட்டுத் தண்ணீர்மேல் மிதக்க ஆரம்பிக்கும். அந்த நேரத்தில் ஸ்டியரிங்கை எந்தப் பக்கம் திருப்பினாலும் கார் கேட்காது.

இந்த சோதனை வாடகை வண்டிக்குப் போதும். வருஷத்துக்கு ஐம்பதாயிரம் கிலோமீட்டர் ஓடும் வண்டியில் ரப்பர் கிழடாவதற்கு முன் பட்டன் தேய்ந்துவிடும். குடும்பக் கார் அப்படியா ஓடுகிறது? வாரத்துக்கு ஒரு தடவை கோயில், மாதத்துக்கு ஒரு கல்யாணம், வருஷத்துக்கு ஒரு குலதெய்வப் பயணம், ஒரு ஊட்டி. மொத்தம் 6,000 கி.மீ. என்று வைத்துக்கொள்வோருக்கு, 40,000 கி.மீ. உழைக்கக்கூடிய டயர் தேய ஏறக்குறைய ஏழு வருஷம் ஆகும். வருஷத்துக்கு 4,000 கி.மீ. மட்டுமே ஓட்டுகிறவர்களுக்குப் பத்து வருஷம்!

ரப்பர் அத்தனை வருஷம் காத்திருக்காது. காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும், வெயிலும், சூடும் சேர்ந்து அதை மெல்ல மெல்ல இறுகச் செய்கின்றன. இதைத் தடுக்க ரப்பரில் சில ரசாயனங்களைக் கலந்துதான் டயர் செய்கிறார்கள். டயர் உருண்டு நெளியும்போதுதான் அவை மேற்பரப்புக்கு வந்து காப்பாற்றும். மாதக்கணக்கில் ஒரே இடத்தில் நிற்கும் காருக்கு அந்தப் பாதுகாப்பும் குறைவு. "எங்க கார் அதிகம் ஓடவே இல்லை, டயர் புதுசு மாதிரி இருக்கு" என்று பெருமைப்படுகிறவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். சித்திரை வெயிலில் வாசலில் நிற்கும் காரின் டயர் ஓடாமலேயே கிழடாகிக்கொண்டிருக்கிறது. பக்கவாட்டில் தலைமுடி போல் மெல்லிய வெடிப்புகள் தெரிய ஆரம்பித்தால், அதுதான் டயரின் நரைமுடி.

எத்தனை வருஷம் வரை வைத்துக்கொள்ளலாம்? ஆறு வருஷத்தில் மாற்றிவிடுங்கள் என்று பல கார் நிறுவனங்கள் கையேட்டிலேயே எழுதியிருக்கின்றன. டயர் நிறுவனங்கள் கொஞ்சம் தாராளம். ஐந்து வருஷத்துக்கு மேல் ஆண்டுதோறும் சோதித்துக்கொண்டே வாருங்கள், பார்க்க எவ்வளவு நன்றாக இருந்தாலும் பத்து வருஷத்தைத் தாண்டாதீர்கள் என்கின்றன. அந்தப் பத்து என்பது கடைசி எல்லை, இலக்கு அல்ல. தமிழ்நாட்டு வெயிலுக்கு ஆறு என்பதை வைத்துக்கொள்வதே புத்திசாலித்தனம்.

வயதைக் கண்டுபிடிக்க ஜோசியர் தேவையில்லை. டயரின் பக்கவாட்டில் நீள்வட்டத்துக்குள் நான்கு இலக்கங்கள் இருக்கும். முதல் இரண்டு வாரம், அடுத்த இரண்டு வருஷம். 3219 என்றால் 2019-ஆம் ஆண்டின் 32-ஆவது வாரத்தில், அதாவது ஆகஸ்டில் தயாரானது. சில டயர்களில் இந்த எண் ஒரு பக்கத்தில் மட்டும் இருக்கும். வெளிப்பக்கம் காணோம் என்றால் உள்பக்கம் இருக்கிறது என்று அர்த்தம்.

ஸ்டெப்னியை மறந்துவிடக் கூடாது. அது ஒரு கிலோமீட்டர்கூட ஓடியிருக்காது. ஆனால் மற்ற நான்குக்கும் ஆன அதே வயது அதற்கும் ஆகியிருக்கும். நடுராத்திரியில், நடு ரோட்டில், குடும்பமே இறங்கி நிற்கும்போதுதான் அந்தக் கிழ டயருக்கு முதல்முறையாக வேலை வரும்.

ஒரு நாளைக்குப் பதினோரு ரூபாய்

இருபதாயிரம் என்றதும் வீட்டில் எல்லோருக்கும் பகீர் என்கிறது. மொத்தமாகக் கேட்டால் எந்தச் செலவும் பகீர் என்றுதான் இருக்கும். வணிகவியலில் முதல் வருஷமே சொல்லிக்கொடுக்கும் பாடம் ஒன்று உண்டு: பல வருஷம் உழைக்கும் பொருளின் விலையை, வாங்கிய நாளின் செலவாகப் பார்க்காதே, அது உழைக்கும் காலம் முழுவதும் பிரித்துப் பார். தேய்மானம் என்ற அந்தச் சொல்லே டயரைப் பார்த்துத்தான் வைத்தார்களோ என்னவோ :-)

ஒரு டயர் 5,000 ரூபாய், நான்குக்கு 20,000, ஐந்து வருஷம் என்று எடுத்துக்கொண்டால் வருஷத்துக்கு 4,000. ஒரு நாளைக்கு 11 ரூபாய். டீக்கடையில் ஒரு டீ இதைவிட விலை அதிகம். பின்பக்கத்து இரண்டு டயரை மட்டும் "இன்னும் ரெண்டு வருஷம்" தள்ளிப்போடுவதால் ஒரு குடும்பம் மிச்சப்படுத்துவது ஒரு நாளைக்கு ஐந்தரை ரூபாய். அதற்காக எதைப் பணயம் வைக்கிறார்கள் என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

இன்னொரு கணக்கும் உண்டு. பெட்ரோல் லிட்டர் 100 ரூபாய், கார் லிட்டருக்கு 18 கி.மீ. தருகிறது என்று வைத்துக்கொண்டால் கிலோமீட்டருக்கு 5 ரூபாய் 56 காசு. காற்று குறைவாகவோ, தேவையில்லாமல் அகலமான டயர் போட்டோ, அந்த 18 என்பது 17 ஆனால் 5 ரூபாய் 88 காசு. வித்தியாசம் வெறும் 32 காசுதானே? ஐந்து வருஷத்தில் 30,000 கி.மீ. ஓடும்போது அது சுமார் 9,800 ரூபாய். ஏறக்குறைய இரண்டு டயர் விலை. கடையில் நூறு ரூபாய் குறைக்கச் சொல்லி அரைமணி நேரம் பேரம் பேசுகிறவர், இந்த ஒன்பதாயிரத்தைப் பெட்ரோல் பங்க்கில் சத்தமில்லாமல் கொடுத்துவிட்டு வருகிறார்.

அரசாங்கமும் ஓர் உதவி செய்திருக்கிறது. கார் டயருக்கு 28 சதவீதமாக இருந்த ஜி.எஸ்.டி. 2025 செப்டம்பர் 22 முதல் 18 சதவீதம் ஆகிவிட்டது. வரிக்கு முன் 4,000 ரூபாயாக இருந்த டயர் 5,120 ரூபாயிலிருந்து 4,720 ரூபாய்க்கு இறங்கியது. நான்கு டயருக்கு 1,600 ரூபாய் மிச்சம். அலைன்மென்ட், பேலன்சிங், புது வால்வு என்று உதிரியாக வரும் செலவுகளுக்கு இது கைகொடுக்கும்.

எந்த டயர்?

"எந்த பிராண்டு நல்லது?" என்பதுதான் எல்லோரும் கேட்கும் முதல் கேள்வி. அது கடைசிக் கேள்வியாக இருக்க வேண்டும்.

முதல் கேள்வி அளவு. 165/80 ஆர் 14 என்று எழுதியிருந்தால், 165 என்பது டயரின் அகலம், மில்லிமீட்டரில். 80 என்பது அந்த அகலத்தில் பக்கச்சுவரின் உயரம் எத்தனை சதவீதம் என்பது. ஆர் என்றால் ரேடியல். 14 என்பது உள்ளே இருக்கும் வீலின் விட்டம், அங்குலத்தில். இதற்குப் பக்கத்தில் 85 போல் ஓர் எண்ணும் ஓர் ஆங்கில எழுத்தும் இருக்கும். எண், டயர் தாங்கும் எடை. 85 என்றால் 515 கிலோ. எழுத்து, தாங்கும் வேகம். எஸ் என்றால் மணிக்கு 180 கி.மீ., எச் என்றால் 210. கார் நிறுவனம் கொடுத்ததைவிட இந்த இரண்டும் குறையவே கூடாது. கல்யாணத்துக்குப் போகும்போது ஐந்து பேர், டிக்கி நிறையச் சீர்வரிசை, மடியில் இரண்டு குழந்தைகள் என்று போகிற ஊர் இது.

"கொஞ்சம் அகலமா போட்டா வண்டி கெத்தா இருக்கும்" என்று வீட்டிலுள்ள இளவட்டம் ஒன்று கண்டிப்பாகச் சொல்லும். மாருதி ஸ்விஃப்ட்டின் 2018 மாடலையே எடுத்துக்கொள்ளலாம். கீழ்நிலை மாடலுக்கு 165/80 ஆர் 14, மேல்நிலை மாடலுக்கு 185/65 ஆர் 15 கொடுத்தார்கள். கணக்குப் போட்டால் முதலாவதின் மொத்த விட்டம் 619.6 மி.மீ., இரண்டாவது 621.5 மி.மீ. அகலம் மாறியும், வீல் மாறியும், உயரம் மாறவில்லை. நிறுவனம் இப்படிப் பார்த்துத்தான் மாற்றுகிறது. கடையில் கண் அளவில் மாற்றுகிறவர் இந்தக் கணக்கைப் போடுவதில்லை. விட்டம் கூடினால் ஸ்பீடோமீட்டர் உண்மையைவிடக் குறைத்துக் காட்டும். அகலம் கூடினால் மைலேஜ் போகும், திருப்பும்போது உள்ளே உரசவும் செய்யலாம். நிறுவனம் அந்தக் காருக்கென்று சொன்ன அளவுகளுக்குள்ளேயே நிற்பது உத்தமம்.

இரண்டாவது, முத்திரைகள். கார் டயருக்கு ஐ.எஸ்.ஐ. முத்திரை கட்டாயம். 2022-ல் மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம் இன்னொரு விதியையும் கொண்டுவந்தது. டயர் உருளும்போது உண்டாகும் தடை, ஈரச்சாலையில் பிடி, சத்தம் ஆகிய மூன்றிலும் குறைந்தபட்சத் தரம் இருக்க வேண்டும் என்பது அந்த விதி. ஏ.சி.யிலும் பிரிட்ஜிலும் ஒட்டியிருக்கும் நட்சத்திர முத்திரை இப்போது டயருக்கும் வந்திருக்கிறது. அது எரிபொருள் சேமிப்புக்கான நட்சத்திரம்.

இங்கேதான் ஒரு குறை. ஐரோப்பாவில் 2012 முதலே டயரில் ஒட்டும் சீட்டில் எரிபொருள் சேமிப்புக்கு ஒரு கிரேடு, மழையில் பிரேக் பிடிக்கும் திறனுக்கு இன்னொரு கிரேடு என்று தனித்தனியாகப் போடுகிறார்கள். வாங்குகிறவர் இரண்டையும் எடைபோட்டு முடிவு செய்யலாம். இந்தியாவில் பெட்ரோல் மிச்சத்துக்கு நட்சத்திரம் உண்டு, மழைப் பிடிப்புக்கு வாங்குபவர் கண்ணில் படும்படி ஒரு கிரேடு கிடையாது. பாஸ் ஆகிவிட்டது என்று மட்டும் தெரியும், மதிப்பெண் தெரியாது. வடகிழக்குப் பருவமழை கொட்டும் மாநிலத்தில் முதலில் தெரிய வேண்டியது அந்த மதிப்பெண்தான். அரசாங்கம் இதைச் செய்தால் பிராண்டு விவாதம் பாதி முடிந்துவிடும்.

மூன்றாவதுதான் பிராண்டு. 1946-ல் திருவொற்றியூரில் பொம்மை பலூன் செய்யும் கொட்டகையாகத் தொடங்கியது எம்.ஆர்.எஃப். இன்று ஒரகடத்தில் அப்போலோ, ஸ்ரீபெரும்புதூர் வட்டாரத்தில் ஜே.கே.வும் சியட்டும், தேர்வாய் கண்டிகையில் மிஷலின், அரக்கோணத்தில் எம்.ஆர்.எஃப். என்று சென்னையைச் சுற்றிலும் டயர் ஆலைகள்தான். 2020 ஜூனில் டயர் இறக்குமதியைக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் வைத்த பிறகு, கடைகளில் குவிந்திருந்த மலிவு விலை வெளிநாட்டு டயர்களும் குறைந்துவிட்டன. பெயர் தெரிந்த நிறுவனங்களின் ஒரே அளவு, ஒரே தர டயர்களுக்குள் இருக்கும் வித்தியாசத்தைவிட, ஆறு மாத டயருக்கும் மூன்று வருஷமாகக் கடையில் கிடந்த டயருக்கும் உள்ள வித்தியாசம் கவலைப்பட வேண்டிய ஒன்று. அப்பா காலத்திலிருந்து அதே பிராண்டுதான் என்றால் தாராளமாக அதையே வாங்கலாம். தேதியை மட்டும் பார்த்து வாங்க வேண்டும்.

பழைய டயர் கடைப் பக்கம் மட்டும் போகவே வேண்டாம். தேய்ந்த டயரில் சூடான கத்தியால் பள்ளம் கீறிப் பளபளவென்று மெருகு போட்டு விற்பதும் நடக்கிறது. பள்ளம் ஆழமாகத் தெரியும். அடியில் ரப்பர் இருக்காது.

இரண்டு மட்டும் வாங்கினால்?

நான்கும் ஒரே நேரத்தில் மாற்றுவது நல்லது. முடியாத நிலை எல்லா வீட்டிலும் வரும். அப்போது புது டயர் இரண்டும் எங்கே போக வேண்டும்?

முன்பக்கம் என்றுதான் பத்தில் ஒன்பது பேர் சொல்வார்கள். எஞ்சின் முன்னால், ஸ்டியரிங் முன்னால், இழுப்பதும் முன் சக்கரம். ஆகவே நல்லது முன்னால். கேட்க நியாயமாக இருக்கிறது. ஆனால் டயர் நிறுவனங்கள் ஒரே குரலில் சொல்வது, புதியது பின்பக்கம் என்று. காரணம் இது. மழையில் முன் டயர் வழுக்கினால் கார் திரும்பாமல் நேராகப் போகும். ஓட்டுகிறவருக்கு அது ஸ்டியரிங்கிலேயே தெரியும். காலை எடுத்தால் வேகம் குறைந்து பிடி திரும்ப வாய்ப்புண்டு. பின் டயர் வழுக்கினால் காரின் பின்பாதி வெளியே வீசி, வண்டி பம்பரம் போல் சுற்றும். ஏற்காட்டின் இருபது கொண்டை ஊசி வளைவுகளில் ஒன்றில் அது நடந்தால் சமாளிக்க ரேஸ் டிரைவர் வேண்டும். குடும்பத்தில் அப்படி யாரும் இருப்பதில்லை.

முன் டயர்கள் சீக்கிரம் தேய்வது உண்மைதான். அதற்குத் தீர்வு, 8,000 அல்லது 10,000 கிலோமீட்டருக்கு ஒருமுறை முன்னும் பின்னும் இடம் மாற்றிப் போடுவது. நான்கும் ஒன்றாகத் தேயும். நான்கையும் ஒன்றாக மாற்றலாம். "ரெண்டு போதும்" என்ற பேச்சுக்கே இடமிருக்காது.

காற்று என்னும் இலவசம்

எவ்வளவு நல்ல டயரையும் கெடுக்க ஒரு வழி இருக்கிறது. காற்றைப் பார்க்காமல் விடுவது.

2000 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 65 லட்சம் டயர்களைத் திரும்பப் பெற்றது. பெரும்பாலும் ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் என்ற குடும்ப வண்டியில் போட்டவை. வேகமாகப் போகும்போது டயரின் மேல்தோல் உரிந்து வண்டிகள் கவிழ்ந்தன. 270-க்கும் மேற்பட்ட மரணங்களை அந்நாட்டு அரசு இதோடு தொடர்புபடுத்தியது. டயரில் குறை என்றது ஃபோர்டு. ஃபோர்டு சொன்ன 26 பி.எஸ்.ஐ. காற்று மிகக் குறைவு, வண்டியிலும் குறை என்றது ஃபயர்ஸ்டோன். கிட்டத்தட்ட நூறு வருஷ வியாபார உறவு 2001-ல் முறிந்தது. யார் பக்கம் எவ்வளவு நியாயம் என்பது வேறு கதை. அமெரிக்கா அதன் பிறகு சட்டம் போட்டு, காற்று குறைந்தால் எச்சரிக்கும் கருவியை எல்லாக் கார்களிலும் கட்டாயமாக்கியது. காற்று குறைந்த டயர் அதிகம் நெளிகிறது, நெளிவதால் சூடேறுகிறது, சூட்டில் உள்ளேயிருக்கும் அடுக்குகள் விட்டுப்போகின்றன. அமெரிக்காவில் பல மரணங்கள் நடந்தது வெயில் அதிகமுள்ள தென் மாநிலங்களில். மே மாதத்துத் திருச்சி நெடுஞ்சாலையை இங்கே நினைத்துப் பார்ப்பது நல்லது.

எவ்வளவு காற்று என்பது டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தால் உள்ள ஸ்டிக்கரில் இருக்கும். ஆட்கள் நிறைய ஏறினால் எவ்வளவு என்பதும் அதிலேயே இருக்கும். டயரின் மேல் எழுதியிருப்பது அது தாங்கும் உச்ச அளவு. அடிக்க வேண்டிய அளவு அல்ல. வண்டி ஓடிச் சூடாவதற்கு முன், காலையில் பார்க்க வேண்டும். மாதம் இருமுறை பார்த்தால் போதும். நைட்ரஜன்தான் வேண்டுமா? சாதாரணக் காற்றிலேயே 78 சதவீதம் நைட்ரஜன். மீதிக்குக் காசு கொடுப்பது அவரவர் விருப்பம்.

பணம் எங்கே?

இத்தனையும் சொன்னால் வீட்டில் பெரியவர்கள் ஒரே கேள்வியில் மடக்கிவிடுவார்கள். "எல்லாம் சரிப்பா, இருபதாயிரத்துக்கு எங்கே போறது?" நியாயமான கேள்வி. கார் கடன் தவணை, காப்பீடு, ஸ்கூல் பீஸ் எல்லாம் கட்டிய பிறகு அந்தத் தொகையை ஒரே நாளில் எடுத்துவைப்பது பல வீடுகளில் நடக்காத காரியம். தள்ளிப்போடுவது அலட்சியத்தால் மட்டும் அல்ல. காப்பீட்டுக்குத் தேதி உண்டு, பீஸுக்குத் தேதி உண்டு. டயருக்கு மட்டும் யாரும் தேதி குறிப்பதில்லை. தேதி இல்லாத செலவு எப்போதும் வரிசையின் கடைசியில்தான் நிற்கும்.

கம்பெனிகள் இதற்கு ஒரு வழி வைத்திருக்கின்றன. இயந்திரம் வாங்கிய நாளிலிருந்தே, அதை மாற்றப் போகும் நாளுக்காக வருஷா வருஷம் ஒரு தொகையை ஒதுக்கிவைப்பார்கள். குடும்பம் இதைச் செய்யக் கணக்காளர் தேவையில்லை. பக்கத்துத் தெரு தபால் நிலையம் போதும். அஞ்சலகத் தொடர் வைப்பின் காலம் சரியாக ஐந்து வருஷம், அறுபது மாதம். மாதம் 100 ரூபாயிலிருந்தே கட்டலாம். புது டயர் போட்ட வாரத்தில் மாதம் 350 ரூபாய்க்கு ஒரு கணக்குத் தொடங்கினால், அது முதிரும்போது கட்டியது மட்டும் 21,000 ரூபாய், வட்டி தனி. டயருக்கு ஐந்து வயது முடியும் நாளும் பணம் கைக்கு வரும் நாளும் ஒன்றாக வரும். விலை கூடியிருந்தால் வட்டி ஈடுகட்டும். அன்றைக்குக் கடையில் "ரெண்டு போதும்" என்று சொல்ல வேண்டிய கட்டாயம் இருக்காது.

ஏற்கெனவே ஆறு வருஷம் தாண்டிய டயரில் ஓட்டிக்கொண்டிருக்கிறவர்கள் அறுபது மாதம் காத்திருக்க முடியாது. அவர்கள் அடுத்த மழைக்காலத்துக்கு முன் பின்பக்கத்து இரண்டையும், அடுத்த போனஸில் முன்பக்கத்து இரண்டையும் மாற்றலாம். அதுவரை மழையில் வேகத்தைக் குறைத்து, மலைப் பயணத்தைத் தள்ளிவைக்கலாம். இதற்குச் செலவே இல்லை.

கடையில் கேட்க வேண்டியவை ஐந்துதான். தயாரிப்புத் தேதி என்ன, நான்கும் ஒரே தேதியை ஒட்டியவையா, வால்வு புதிதா, பேலன்சிங், அலைன்மென்ட் இந்த விலையில் அடங்குமா, உத்தரவாதம் எந்தத் தேதியிலிருந்து, பில்லில் எழுதித் தருவீர்களா. நல்ல கடைக்காரர் இந்தக் கேள்விகளுக்குக் கோபித்துக்கொள்ள மாட்டார். கோபித்துக்கொண்டால் அடுத்த கடை ரொம்ப தூரத்தில் இருக்காது.

இதைப் படித்து முடித்தவர்கள் இன்று சாயங்காலம் ஒரு காரியம் செய்யலாம். வீட்டுக் காரின் பக்கத்தில் குந்தி உட்கார்ந்து, செல்போன் வெளிச்சத்தில் ஐந்து டயரிலும் உள்ள நான்கு இலக்கங்களைப் படித்து ஒரு தாளில் எழுதி, சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கும் காலண்டரில் குத்திவைக்கலாம். ஸ்டெப்னியோடு சேர்த்து ஐந்து!